காற்று வரும் பக்கம்

உமையாளுக்கு இருபத்திரண்டு வயது நடந்த அந்தக் கோடையில்தான் அவளைப் பெற்ற அய்யா சோணைமுத்து முதல்முறையாகக் குடும்பத்தை வெளியே அழைத்துப்போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, சித்திரை கடைசி. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயலில் வேலை இல்லை. ஆண்கள் மரத்தடியில் சீட்டாடினார்கள். பெண்கள் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்த அய்யா திடீரென்று சொன்னார்.

"வெள்ளிக்கிழம எல்லாரும் உப்பூருக்குப் போவோம். பிள்ளையாரக் கும்புட்டு, அப்படியே கடலயும் பாத்துட்டு வருவோம். பிள்ளைக எத்தன நாளைக்குத்தான் வீட்டுக்குள்ளயே வெந்துக்கிட்டுக் கெடக்கும்?"

சின்னவள் சேதுலட்சுமிக்குப் பதின்மூன்று வயது. அவள் எச்சில் கையோடு எழுந்து குதித்தாள். உமையாள் அம்மாவைப் பார்த்தாள். சண்முகவள்ளி குழம்புச்சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

கடல் அவர்கள் ஊரிலிருந்து ஆறேழு மைல்தான். ஆனால் உமையாள் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், அதுவும் ஏழு வயதில். வயதுக்கு வந்த பெண்களை அங்கே இங்கே கூட்டிப்போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. போதாததற்குப் பதினாறு வயதில் அவளுக்கு அம்மை போட்டது. பிழைத்ததே பெரிது என்றார்கள். முகமெல்லாம் தழும்பு. இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது. சின்ன வயதிலிருந்து இவளுக்குத்தான் என்று பேசிவைத்திருந்த தாய்மாமன் மகன் அடுத்த தையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை பெண் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு முறையும் பலகாரம் சாப்பிட்டு, காப்பி குடித்து, "ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுறோம்" என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். சொல்லியனுப்பவில்லை. இரண்டாவது கூட்டம் போன மறுவாரம் கிணற்றடியில் ஒருத்தி, "அடுத்த பலகாரம் எப்பச் சுடுவீக? எங்க வீட்டுக்கும் ரெண்டு குடுத்துவிடுங்க" என்றாள். சண்முகவள்ளி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு சோணைமுத்து இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மலையாண்டி வண்டியைப் பூட்டி நிறுத்தியிருந்தான். அவனும் அவன் பெண்டாட்டி கருத்தம்மாளும் இவர்கள் வயலில்தான் வேலை பார்த்தார்கள். அம்மா உமையாளுக்குப் புதுக் கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டாள். "கோயிலுக்குத்தான போறோம், எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "போட்டா என்ன? நல்ல நாளும் அதுவுமா" என்றாள்.

வண்டியில் ஏறும்போது அய்யா கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "நீ இந்தப் பக்கம் உக்காரு தாயி. காத்து நல்லா வரும்" என்றார். வலது கன்னம் வெளியே தெரிகிற மாதிரி அவள் உட்கார்ந்தாள். காற்று நன்றாகத்தான் வந்தது.

உப்பூரில் சாமி கும்பிட்டுவிட்டு மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு குடும்பமும் வந்து உட்கார்ந்தது. அய்யாவுக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. "திருவாடானைப் பக்கம். வேண்டியவுக" என்றார். அந்த வீட்டுப் பெரியம்மா மடியில் பூவை வைத்துக்கொண்டு ஊசியையும் நூலையும் உமையாளிடம் நீட்டினாள்.

"கோத்துக் குடும்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

உமையாள் நூலை நாக்கில் நனைத்து, திரித்து, நுழைத்தாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை நுழைந்தது. பெரியம்மா அவள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கெட்டிக்காரி" என்று சொல்லி ஊசியை வாங்கிக்கொண்டாள்.

பிறகு கடற்கரைக்குப் போனார்கள். அந்தக் கடலில் பெரிய அலை கிடையாது. கரண்டைக்கால் அளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். சேதுலட்சுமி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இருவரும் தடுக்கி விழுந்தார்கள். புதுச்சேலை நனைந்தது. உமையாள் தண்ணீரிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அய்யா திட்டுவார் என்று நினைத்து நிமிர்ந்தால், அவர் கரையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அந்தத் திருவாடானைக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

வீடு திரும்பும்போது அவர் சொன்னார்: "சிரிச்சா ஒனக்கு முகம் லட்சணமா இருக்கு தாயி."

ஆறு வருஷமாக அவளுடைய முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் பேசியதில்லை.  அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு தங்கையிடம், "அய்யாவ நாமதான் தப்பா நெனச்சுட்டோம்டி" என்றாள்.

நாலு நாள் கழித்து அய்யா தனியாக எங்கோ போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை. மாட்டை அடித்தார். மூன்றாம் நாள், அவராகவே, "தேவிபட்டினம் போவமா?" என்று கேட்டார்.

தேவிபட்டினத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். உமையாளுக்கு அதுதான் முதல் பஸ். அதிலும் அய்யா சன்னல் ஓரமாகப் பார்த்து, "காத்து வரும்" என்று சொல்லி உட்காரவைத்தார். நவக்கிரகமாகக் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கற்களையும் சுற்றிக் கும்பிட்டுவிட்டுக் கரையேறியதும், ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். குடத்தை இடுப்பில் வைத்து அவள் வந்தபோது இரண்டு ஆண்கள் வழியில் நின்று பார்த்தார்கள். கரடுமுரடான தரையில் கால் இடறாமல் அவள் நடந்து வந்தாள். பார்த்தவர்களில் ஒருவர் அய்யாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். உமையாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அன்றைக்குப் பார்க்க எவ்வளவோ இருந்தது. முறுக்கு விற்கிறவள், குடுமி வைத்த வடநாட்டுக் கூட்டம், ஈரவேட்டியைத் தலைக்குமேல் விரித்துக் காயவைத்துக்கொண்டே நடந்த ஒரு மனிதன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கருத்தம்மாளிடம் நடித்துக் காட்டினாள்.

அதன் பிறகும் அய்யா ஒரு நாள் வெளியே போய் வந்தார். அதன் பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். "கோடை மாறட்டும், எல்லாம் சரியாப் போகும்" என்று உமையாள் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னாள். எதற்கு ஆறுதல் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

வைகாசி பாதியில் பாம்பன் போவதென்று முடிவானது. "ரயில்ல போவோம். பாலத்துல போறப்ப ரெண்டு பக்கமும் கடலு. கப்பல் வந்தாப் பாலத்தத் தூக்குவாக, அதையும் பாக்கலாம்" என்றார் அய்யா. சேதுலட்சுமிக்கு இரண்டு நாள் தூக்கமே இல்லை.

ரயில் பாலத்தில் ஏறியதும் உமையாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். காற்று பவுடரை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. வாழ்க்கையில் ஒரு நாளாவது இப்படி இருந்தோமே, அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பாம்பனில் இறங்கியதும் அம்மா அவளை ஓரமாகக் கூட்டிப்போய் மறுபடி முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, முந்தானையை இடதுபக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

கரையில் மணல் முழுக்க மீன் காயப்போட்டிருந்தார்கள். மீன்பிடிக்கிற வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆள், அன்றைக்குக் கப்பல் ஏதும் இல்லை, பாலம் திறக்காது என்று சொன்னதும் சேதுலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. தென்னை நிழல் ஒன்றில் நடுவயதுப் பெண் ஒருத்தி இரண்டு சிறு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். அய்யா நேராக அங்கே கூட்டிப்போய், "இங்கன இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற ஒருவரோடு பேசப் போனார்.

அந்தப் பெண்ணின் பெயர் பிச்சையம்மாள், ஊர் பரமக்குடி. குழந்தைகள் அவளுடைய தம்பியின் பிள்ளைகள். அவள் உமையாளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"எங்க தம்பி மருதுபாண்டிக்குக் கோவமே வராது. பொண்டாட்டி இருந்த காலத்துல ஒரு நாள் கை நீட்டினதில்ல. மூத்தது சொன்ன பேச்சுக் கேக்கும். எளையதுதான் ராத்திரில அம்மா வேணும்னு அழுகும். கொஞ்ச நாள்ல பழகிரும்."

"எங்கிட்ட எதுக்குக்கா இதெல்லாம் சொல்றீக?"

பிச்சையம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்கய்யா ஒண்ணும் சொல்லலையா? பொண்ணு பாக்கத்தானம்மா வந்திருக்கோம். வீட்டுக்கு வாரோம்னுதான் நாங்க சொன்னோம். அவருதான், வீட்ல வேணாம், பாம்பன்ல வச்சுப் பாத்துக்கிருவோம்னு சொல்லிவிட்டாரு."

உமையாளுக்கு ஊசியும் நூலும் நீட்டிய கை ஞாபகம் வந்தது. குடத்தோடு நடந்து வந்தபோது பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். வண்டியில், பஸ்ஸில், ரயிலில் அய்யா காட்டிய இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவசரமாகச் சேதுலட்சுமியின் சடையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள்.

உமையாள் எழுந்து நடந்தாள். மணல் கொதித்தது. தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்த அய்யாவுக்கும் மருதுபாண்டிக்கும் எதிரே போய் நின்று, முந்தானையைத் தள்ளிவிட்டு முகத்தை நேராகக் காட்டினாள்.

"ஏய், அங்கன போ" என்றார் அய்யா.

அவள் அய்யாவைப் பார்க்கவில்லை. "இந்தக் கண்ணு தெரியாது" என்றாள் மருதுபாண்டியிடம். "ஆறு வருஷமாத் தெரியாது. முகத்துல பவுடரு போட்டிருக்கு. கழுவிட்டு வரணும்னாச் சொல்லுங்க, கழுவிட்டு வாரேன். நல்லாப் பாத்துக்கங்க. பெறகு ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுறோம்னு சொல்லாதீக. இங்கனயே சொல்லிருங்க."

மருதுபாண்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். காதோரம் நரைத்திருந்தது. அவன் பார்வையை விலக்கவில்லை.

"தெரியும்" என்றான். "தெரிஞ்சுதான் வந்தேன்."

அவன் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பிச்சையம்மாள் இளைய குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கெளம்பு தம்பி. கண்ணு தெரியாட்டாலும் போயிட்டுப் போகுது. நடுக் கடக்கரையில பெத்தவன நிப்பாட்டி வச்சு இப்படிப் பேசுறவ, தாயில்லாப் பிள்ளைகள எப்படி வளப்பா?"

மருதுபாண்டி அக்காவைப் பார்த்தான், உமையாளைப் பார்த்தான், மூத்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வாயெடுத்த சொல்லை அவள் கேட்கவே இல்லை. அவர்கள் மீன் காய்கிற மணலைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்க்கப் போனார்கள்.

திரும்பும் ரயிலில் நாலு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இந்த முறை யார் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. சேதுலட்சுமி அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். ரயில் மண்டபம் தாண்டியது.

"வந்த ஒருத்தனும் போயிட்டான்" என்றார் அய்யா கடைசியில். "சம்மதம்னுதான் எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தான். ஆவணியில வச்சுக்கிருவோம்னு பேசிக்கிட்டு இருந்தோம். நீ வந்து நின்ன."

உமையாளுக்கு இது தெரியாது. 

"எனக்குச் சொல்லிருக்கலாம்ல அய்யா?"

"ஊரு சிரிக்கக் கூடாதுன்னு செஞ்சேன். வீட்டுக்கு வந்துட்டு வேணாம்னு போனா, தெருவே பேசுது. வெளியில வச்சுப் பாத்தா ஒரு பயலுக்கும் தெரியாது."

"ஊருக்குத் தெரிய வேணாம். எனக்குச் சொல்லிருக்கலாம்ல?"

அய்யா அவளை நேராகப் பார்த்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை, அலுத்துப்போன குரலில்தான் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ சிரிச்ச முகமா இருந்திருப்பியா? வீட்டுக்கு வந்தவுக முன்னாடி தூக்குல போடக் கூட்டிவந்த மாதிரி நின்னியே, மறந்துட்டியா? நீ சந்தோஷமா இருந்தாத்தான் பாக்குற மாதிரி இருக்க. அதுக்குத்தான் கூட்டிப்போனேன். அதுக்குத்தான் கடலு, ரயிலு எல்லாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். உமையாளுக்கு உப்பூரில் தண்ணீருக்குள் உட்கார்ந்து சிரித்ததை நினைத்தபோது உடம்பு கூசியது. அவர்கள் திரும்பி வந்த பிறகு ஊருக்குள் யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த விஷயத்தில் அய்யா நினைத்தது நடந்துவிட்டது. "என்ன உமையா, கோடையில ஊரெல்லாம் சுத்துனீகளாமே, குடுத்துவச்சவதான்" என்று கிணற்றடியில் கேட்டார்கள். "ஆமா" என்றாள்.

ஆவணியில் மருதுபாண்டிக்கு மானாமதுரைப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிவைத்தார்கள் என்று கேள்விப்பட்டார்கள். தெரிந்துதான் வந்தேன் என்று அவன் சொன்ன விதத்தை உமையாள் பல நாள் நினைத்துப் பார்த்தாள். தன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால், தானும் தெரிந்தே அந்தக் கடற்கரைக்குப் போயிருந்தால், என்ன செய்திருப்போம்? அந்த இளையதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்போமோ? அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் போய்விட்டது. அய்யாவை அவளால் மன்னிக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நாலு வருஷம் போயிற்று. யாரும் உமையாளைப் பார்க்க வரவில்லை. அய்யாவும் எங்கும் கூட்டிப்போகவில்லை. சேதுலட்சுமிக்குப் பதினேழு வயதானது. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பெண் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அய்யா உமையாளிடம் வந்து நின்றார். அவராக அவளிடம் பேசி வெகு நாளாகியிருந்தது.

"நாளைக்குக் கருத்தம்மா காரங்காட்டுக்குப் போறாளாம். அங்கன மரங்களுக்கு நடுவுல வள்ளத்துல போகலாமாம். நீயும் போயிட்டு வாயேன். வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

உமையாள் உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நான் போகல. நாளைக்குப் பலகாரம் யாரு சுடுறது?"

"ஒங்கம்மா பாத்துக்கிருவா."

"நான் இங்கனதான் இருப்பேன் அய்யா. அடுப்படிய விட்டு வெளிய வரமாட்டேன். அது போதும்ல?"

அவர் போய்விட்டார். அம்மா வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். சாயங்காலம் சேதுலட்சுமி வந்தாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டிய மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"என்னடி?"

"நீ இருந்தா எனக்கு ஒண்ணுமில்லக்கா. அவுக வீட்டுப் பொம்பளைக அடுப்படி வரைக்கும் வருவாகளாம். மூத்தவ இருக்கயில எளையவளுக்கு ஏன் முன்னாடி பாக்குறீகன்னு கேப்பாகளாம். ஒன்னப் பாத்தா, எனக்குப் பிறக்குற பிள்ளைக்கும் இப்படி வந்துருமோன்னு..." அவள் மாவு ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஒரு நாள் மட்டும் போயிட்டு வாக்கா."

உமையாள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அம்மை தொடாத முகம். உமையாள் பாயில் கிடந்த நாற்பது நாளும் இந்தப் பிள்ளையை மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். அங்கேயே இருக்கட்டும் என்று கண் திறக்காத நிலையிலும் கெஞ்சியவள் உமையாள்தான்.

"இது அய்யா சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டாள்.

சேதுலட்சுமி தலைகுனிந்தாள். "இல்லக்கா. நானாத்தான் கேக்குறேன்."

"சரி. போறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே கருத்தம்மாளோடு கிளம்பினாள். வேலைக்குக் கட்டுகிற பழஞ்சேலையைத்தான் கட்டிக்கொண்டாள். காரங்காட்டில் ஒரு மீன்பிடிக்கிற கிழவர் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் வேரை ஊன்றிக்கொண்டு நின்றன. நண்டுகள் வேரில் ஏறி ஓடின. வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக எழுந்து இன்னொரு மரத்தில் உட்கார்ந்தன. கருத்தம்மாள் வாய் ஓயாமல் ஒவ்வொன்றையும் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவளும் அடங்கிப்போனாள்.

"குடும்பத்தோட வரலையாம்மா? பிள்ளைகளுக்குல்ல இதெல்லாம் பிடிக்கும்" என்றார் கிழவர்.

"வீட்ல விருந்தாளி வந்திருக்காக" என்றாள் உமையாள். "எடமில்ல."

அவர் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. கட்டுச்சோற்றைப் பிரித்து நீட்டினாள். உமையாள் இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைத் தண்ணீரில் போட்டாள். மீன்கள் வந்து கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய வீடு திரும்பியபோது வாசலில் செருப்புகள் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் முடித்துப் போயிருந்தார்கள். தட்டில் வெற்றிலை மிச்சம் இருந்தது. சேதுலட்சுமி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அய்யா நல்ல வேட்டியை இன்னும் மாற்றாமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

"நல்ல மனுசங்க. மூத்தவ எங்கன்னு கேட்டாக. கோயிலுக்குப் போயிருக்கான்னேன். சரி, கல்யாணத்துல பாத்துக்கிருவோம்னுட்டாக. வேற ஒண்ணும் கேக்கல." பிறகு, கேட்க வேண்டுமே என்பதுபோலக் கேட்டார்: "காரங்காடு எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, உமையாள் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தல் தெருவை அடைத்துப் போட்டிருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் உமையாள் அடுப்படியில் இருந்தாள். அங்கே இருக்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.